பூப்பூத்த குழாய்

இயக்குநருக்கு ஆய்வகத்தில் ‘படிகம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். எந்த மேடையிலும் அவருக்கு ஒரே பேச்சு: “பொருள் முக்கியமில்லை, அமைப்புதான் முக்கியம்.” மேடை சற்றுப் பெரிதாக இருந்தால் இதையே இரண்டு முறை சொல்வார்.

அவருடைய ஆய்வகம் உருவாக்கியது ரப்பர் போல வளைந்து, பிளாஸ்டிக் போல உருகும் ஒரு பொருள். அதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி. அதில் கெட்டித் துண்டும் மெத்தென்ற துண்டும் மாறி மாறி வரும். ஆறும்போது கெட்டித் துண்டுகள் கூடிப் படிகமாகி, மெத்தென்றவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உருக்கி இழுத்த குழாயைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும். எப்படி நசுக்கினாலும் குழாய் நிமிர்ந்துகொள்ளும். சூட்டிலேயே வைத்து மெல்ல ஆறவிட்டால் படிகங்கள் பூப்பூவாக விரியும். ஆனால் பூவுக்கும் பூவுக்கும் நடுவே பிடிப்பு இருக்காது, விரிசல் அங்கேதான் விழும். என்ன செய்வது, நுண்ணோக்கியில் வண்ண வண்ணமாகத் தெரிவதென்னவோ அந்தப் பூக்கள்தான்.

இயக்குநரின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ் செய்துகொண்டுதான் உயிரோடு இருந்தார். டயாலிசிஸ் இயந்திரத்தின் பம்பு வழியே ரத்தத்தைக் கொண்டுபோகும் இந்தப் புதிய குழாயை முதலில் அவருக்கே மாட்டுவதென்று இயக்குநர் அறிவித்ததும், பத்திரிகைகள் தியாகம் என்று எழுதின. யாருடைய தியாகம் என்பதை மட்டும் எழுதவில்லை.

குழாய்களைச் செய்தவர் இயக்குநரின் மருமகன். அறிமுக விழாவுக்கு முந்தின நாள் சூட்டு அடுப்பைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மாமா, இந்தக் குழாயெல்லாம் ஏன் அடுப்புக்குள்ள இருக்கு?”

“நான்தான் வைக்கச் சொன்னேன், மெல்ல ஆறட்டும்னு. நாளைக்கு வர்றவங்க நுண்ணோக்கியில பார்க்கணும்ல? நீங்க தண்ணியில போட்டது சாம்பலைப் பார்க்குற மாதிரி இருக்கு மாப்பிள்ளை. சகிக்கல.”

“இதை அவங்களுக்குக் காட்டுங்க. அத்தைக்குத் தண்ணியில போட்டதையே மாட்டலாம். பம்புல வச்சு சோதிச்சது அதைத்தானே.”

“ரெண்டும் ஒரே சரக்குதானே?”

மருமகன் அவர் முகத்தைப் பார்த்தார். வேடிக்கையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

“சரக்கு ஒண்ணுதான் மாமா. அமைப்புதான்...”

“எனக்கே பாடமா? காட்டுறது ஒண்ணு, மாட்டுறது ஒண்ணுன்னு நாளைக்கு எவனாவது கேட்டா மூஞ்சியை எங்க வச்சுக்குறது? விஞ்ஞானத்துல நேர்மை வேணும். போய்ப் பெட்டியில அடுக்குங்க, டாக்டர்.”

இயக்குநருக்குக் கோபம் வந்தால் மாப்பிள்ளை டாக்டராகிவிடுவார். டாக்டர் பெட்டியில் அடுக்கினார்.

மறுநாள் மருத்துவமனையில், திறந்துவைக்க ஏதாவது வேண்டுமே என்று டயாலிசிஸ் இயந்திரத்தின் மேல் அரக்கு நிற வெல்வெட் துணியைப் போர்த்தியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. சிகிச்சை காத்திருக்காது என்பதால், துணியை விலக்காமலே நர்ஸ் இயந்திரத்தை ஓட்டினார். உள்ளே பம்பின் உருளைகள் சுற்றிச் சுற்றிக் குழாயை நசுக்கின.

“மிஷினுக்கு எவ்வளவு நல்ல போர்வை பாரும்மா, எனக்குத்தான் கிழிஞ்சது” என்றார் இயக்குநரின் மனைவி. நர்ஸ் சிரித்தார்.

விருந்தினர் வந்தார். இயக்குநர் பேச ஆரம்பித்ததும் இயந்திரம் கீச்சிட்டது.

“அந்தச் சத்தத்தை நிறுத்தும்மா.”

“என்னன்னு பார்த்துடறேன் சார். துணியை எடுக்கணும்.”

“துணியை விருந்தினர்தான் எடுக்கணும். பேச்சு முடியட்டும், அதுவரைக்கும் சத்தம் வேண்டாம்.”

நர்ஸ் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினார், சத்தம் நின்றது. புகைப்படக்காரர் நர்ஸையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்.

பேச்சு நன்றாக இருந்தது. மேடை பெரிது என்பதால் இரண்டு முறை சொன்னார். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடியிருந்ததைப் பெருமிதம் என்று முன்வரிசை எடுத்துக்கொண்டது. விருந்தினர் துணியை இழுத்தார். அது கனத்து, ஈரமாக, அவர் காலணிமேல் விழுந்தது. கைதட்டல் உடனே நிற்கவில்லை. பின்வரிசைக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது.

நர்ஸ் பம்பை நிறுத்தி, குழாயை இடுக்கியால் இறுக்கி, கத்தினார். மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். பயனில்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகன் அருகே அவர் மனைவி வந்தார். அழுது முடித்திருந்தார்.

“ஆஸ்பத்திரி பம்பு சரியில்லன்னு சொல்றாரு அப்பா. அந்த நர்ஸ் பொண்ணு மேல புகார் குடுக்கப் போறாராம்.”

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தார்.

“குழாய் செஞ்சது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. அம்மா எதனால செத்தாங்க?”

தாழ்வாரத்தின் மறுகோடியில் கதவு திறந்தது. இயக்குநர் எட்டிப் பார்த்தார். பின்னால் மைக்குகள் தெரிந்தன.

“மாப்பிள்ளை, கொஞ்சம் வாங்க. பம்பு பத்திக் கேக்குறாங்க. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா எடுபடும்.”

மருமகன் எழுந்தார். மனைவி இன்னும் பிடியை விடவில்லை, பதிலுக்காக. அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கிவிட்டு, கதவை நோக்கி நடந்தார்.