கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலி

"கதையில கெட்டவன் பேசறப்ப உன் வாய் கசக்குமாம்மா?" என்று வாசிப்புக்காரியின் மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். "கசக்காது கண்ணு, அவன் பேச்சு உதட்டோட போயிடும்" என்று அன்று சிரித்துச் சமாளித்தாள். மகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். அம்மாவுக்கு வாய் கசந்தது இப்போதுதான்.

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நூலகம் அது. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, ஓர் எழுத்து விடாமல் வாசிப்பது அவள் வேலை. பிடிக்கவில்லை என்று ஒரு வரியைக்கூடத் தாண்டக் கூடாது. கடைசியில் மட்டும், வாசித்தவர் தம் மனதில் பட்டதைச் சற்று நேரம் சொல்லலாம். கேட்பவர்கள் அதைத்தான் முதலில் போட்டுக் கேட்பார்கள். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பதிவை யாரும் தொடமாட்டார்கள்.

இந்த முறை வந்தது, மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதிய முதல் நாவல். காதல் கதை என்றது அட்டை. கதாநாயகன் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய் மாடி அறையில் பூட்டுகிறான். போனைப் பிடுங்குகிறான். 'அழும்போதுதான் நீ அழகு' என்கிறான். அதற்கு அவள் உருகுகிறாள்.

"த்தூ!" என்றாள் வாசிப்புக்காரி, மைக் ஓடுவதையும் மறந்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் தலையைத் தூக்கினார். அவரைக் காதண்ணன் என்பார்கள்; அடுத்த தெருவில் நாய் கொட்டாவி விட்டாலும் அவருக்குக் கேட்டுவிடும்.

"தங்கச்சி, இந்த 'த்தூ' எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எல்லாப் பக்கத்துலயும்தான் அண்ணே. இவன் பண்றதுக்குப் பேரு காதல்னா, எலிப்பொறிக்கு விருந்துன்னு பேரு வைக்கலாம்."

"எலிக்கே அப்படித்தான் தோணும். நீ வாசி."

வாசித்தாள். ஆனால் தன்னை அறியாமல் ஒரு தப்புச் செய்தாள். நாயகன் மேல் அருவருப்பு என்றால், நாயகி மேல் அவளுக்கு எரிச்சல். 'புத்தி கெட்டவளே' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, நாயகி பேசும் இடத்திலெல்லாம் ஒரு கொழகொழத்த மூக்குக் குரலைக் கொடுத்துவிட்டாள். சொல் ஒன்றும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டாள்.

பதினான்காம் அத்தியாயத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தூங்கும் முன் நாயகி ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். நாற்காலி அவனைத் தடுக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தரையில் உரசும். அந்தச் சத்தத்தில் விழித்து, அவன் உள்ளே வருவதற்குள் முகத்தில் சிரிப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்புக்காரி நிறுத்திவிட்டாள். அப்படியானால் அத்தனை உருக்கமும் இந்த நாற்காலி வாங்கிக் கொடுத்த சிரிப்புதானா? கடவுளே, யாரை நான் கேலி செய்துகொண்டிருந்தேன்?

புத்தகம் அதோடு முடிந்திருந்தால் தேவலை. பின்னால் மறுபடியும் அதே குமட்டல். கடைசியில் அவன் திருந்தி, கல்யாணமும் ஆகிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நாவலை எழுதியவளே நூலகத்துக்கு வந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. குமட்டிச்சு."

அவள் முகம் சுருங்கியது. "எதுன்னு சொல்லுங்கக்கா."

"அவன்தான். அவனைவிட, அவனுக்கே கட்டி வச்சிருக்க பாரு, அது. இதைக் கேக்குற பொண்ணுங்க, அடிக்கிற கை ஒருநாள் தடவிக் கொடுக்கும்னு காத்துக்கிட்டே உக்காருவாங்கம்மா."

"நிஜத்துல திருந்தலக்கா. கதையிலயாவது..." அவள் முடிக்கவில்லை.

வாசிப்புக்காரிக்கு இருமல் வந்தது. எழுதியவள் தன் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி, சூடு ஆற்றி நீட்டினாள். "குடிங்க. இத்தனை நாளா என் புத்தகத்தைத் தொண்டையில சுமந்திருக்கீங்க."

இத்தனை திட்டு வாங்கிய கைதான் ஆற்றிக் கொடுத்தது. ஒவ்வொரு மடக்கும் கனத்தது.

"அந்த நாற்காலி... யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"அதை யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லக்கா."

மூக்குக் குரலைப் பற்றிச் சொல்ல வாசிப்புக்காரிக்கு வாய் வரவில்லை. பதிவு திங்கட்கிழமை வெளியாகப் போகிறது. எழுதியவள் போன பிறகு, கடைசியில் சேர்க்கும் தன் குறிப்பைப் பேசினாள்: "இந்தக் கதாநாயகனை எனக்குச் சகிக்கவில்லை. இது காதல் இல்லை. இதன் முடிவை நம்பாதீர்கள். ஆனாலும் பதினான்காம் அத்தியாயத்தைக் கேளுங்கள். அங்கே ஒரு பெண் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறாள்."

"கசப்பும் இருக்கு, கற்கண்டும் இருக்கு" என்றார் காதண்ணன்.

"கற்கண்டு ஒரு துண்டுதான் அண்ணே. நாளைக்குச் சாவி கொடுங்க, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

சனிக்கிழமை நூலகம் விடுமுறை. பூட்டைத் திறந்து, இயந்திரத்தைத் தானே ஓடவிட்டு உட்கார்ந்தாள். நாயகனை அப்படியே விட்டாள். அந்த அருவருப்பு அவனுக்குச் சேர வேண்டியதுதான். முதல் அத்தியாயத்திலிருந்து நாயகி பேசும் இடங்களை மட்டும் தேடித் தேடி, பழைய குரலை அழித்தாள்.

'சன்னலையாவது திறந்து வைக்கலாமா?' என்று அவள் கேட்கும் இடம் வந்தது. அரைத் தூக்கத்திலும் காதைத் தீட்டி வைத்திருக்கும் ஒருத்தியின் தாழ்ந்த, தெளிந்த குரலில் அதை வாசித்தாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.