குப்பிக்குள் இறங்கிய மேகம்

விழிஞ்ஞத்து மீன் கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் பெட்டி அடுக்கிய கை மாடம்மாளுடையது. அடியில் ஐஸ், மேலே ஐஸ், இடுக்கில்லாமல் அமுக்கு. அந்தக் கைதான் இன்று காலை கழக்கூட்டம் குளிர்கிடங்கில் தடுப்பூசிக் குப்பிகளையும் அடுக்கியது. கிழக்கேகோட்டைக்கு வரும் வழியெல்லாம் மழை. பஸ் கண்ணாடியில் ஊர் கரைந்து கரைந்து ஓடியது. மடியில் பெட்டியோடு அவளும் அரைத்தூக்கத்தில் மிதந்தே வந்தாள்.

ஆராய்ச்சி அறையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். வயதான உடம்பு ஃபுளூ ஊசியை லேசில் சட்டை செய்யாது, பாருங்கள். அதனால் மருந்தோடு ஒரு அலுமினிய உப்பைத் துணைக்குச் சேர்த்திருந்தார்கள். அது உடம்பைத் தொட்டு உலுக்கினால் காப்பு கூடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. உறைந்துவிட்டாலோ அந்த உப்பு திரிந்துபோகும், குத்தியும் பயனில்லை.

"எக்கா, ஐஸ் பேக்கு வேர்த்து, உள்ள தண்ணி குலுங்கின பொறவுதானே வச்சிய?" என்று கேட்டாள் நர்ஸ் ரோஸ்.

"ஆமா சிஸ்டர்."

சொன்ன வாய் கசந்தது. சேர்ந்து ஒரு மாதம்தான்; உண்மையைச் சொன்னால் வேலை போகும். முதல் நாற்காலியில் அக்ரஹாரத்துச் சரஸ்வதியம்மாள் கையை நீட்டிவிட்டாள்.

"குத்தாதிய சிஸ்டர்!" என்று கத்தினாள் மாடம்மாள். "வேர்க்க விடல. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த சூட்டோட மீன் அடுக்குத மாதிரி அடுக்கிட்டேன். மருந்து உறைஞ்சிருக்கும்."

"அய்யோ, என்ன காரியம் எக்கா செஞ்சிய!"

"மீனா? எனக்கா?" என்றாள் சரஸ்வதியம்மாள். "என் ஆசாரம் போச்சு போ! ஊசி உண்டா இல்லையான்னு தெரிஞ்சதும் எழுப்புங்கோ." கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்து உறைந்ததா என்று சோதிக்க வழி இருந்தது: குலுக்கி வைத்தால் நல்ல மருந்து நெடுநேரம் கலங்கியே நிற்கும், உறைந்தது சீக்கிரம் அடியில் படியும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே உறையவைத்து உருக்கி வைத்திருந்த குப்பி ஒன்று. மாடம்மாளின் பெட்டியிலிருந்து ஒன்று. ரோஸ் இரண்டையும் சேர்த்துக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தாள். இரண்டுக்குள்ளும் வெள்ளை மேகம் சுழன்றது. மழைச்சத்தத்தில் அறையே மெல்ல நீரில் ஆடுவதுபோல் இருந்தது. 'அப்படியே நில்லு, தாயி' என்று தன் குப்பியை மனசுக்குள் கெஞ்சினாள் மாடம்மாள்.

உறைந்த குப்பியில் மேகம் பொடிப்பொடியாக இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. சற்று நேரத்தில் அடுத்த குப்பியும் அதேபோல் தெளிந்தது, அவ்வளவு அழகாக, அவ்வளவு பாழாக.

"பெட்டி முழுசும் கழிக்கணும். டாக்டருக்கு எழுதாம முடியாது எக்கா."

"எழுதுங்க. ஆமான்னு மொதல்ல பொய் சொன்னதையும் எழுதுங்க."

பிறகு அவளே போய்ச் சரஸ்வதியம்மாளின் தோளைத் தொட்டாள். "அம்மா, இன்னைக்கு ஊசி இல்ல. என் தப்பு."

"குத்தறதுக்கு முன்னாடியே சொன்னியே, அது போறும்," என்று கையை நீட்டினாள் கிழவி. "பிடிச்சுக்கோ. படியெல்லாம் ஈரம்."