முனிரத்தினத்தின் ரோசம்

நடவு என்றால் செவ்வந்தி கூப்பிட்ட குரலுக்கு ஓடுவாள். கடலை பிடுங்கவோ களத்தில் தூற்றவோ ஆள் கேட்டு வந்தால் இடுப்பு வலி என்று சொல்லிவிடுவாள். நாளெல்லாம் குனிந்து நடும்போது வலிக்காத இடுப்பு கடலைக் கொல்லையில் உட்கார்ந்தால் மட்டும் வலிக்குமா என்று காவாந்தண்டலத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். சேற்றில் இறங்கிவிட்டால் எல்லோருடைய புடவையும் நனைந்துதான் இருக்கும். அங்கே அவளுடைய ஈரம் தனியாகத் தெரியாது. இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

கர்ப்பப்பையில் கட்டி என்று டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பையை எடுத்திருந்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த வாரமே சிறுநீர் ஒழுக ஆரம்பித்தது. இருமினால், தும்மினால் என்றில்லை. நின்றாலும் படுத்தாலும் ஒழுகியது. அவளுடைய கணவன் முனிரத்தினம் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"பை எடுத்தா அப்டித்தான் இருக்குமாம். போவப் போவ சரியாப் பூடும்னாங்க."

அவள் நம்பினாள். பழைய பாவாடைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். ஊர் எழும்புவதற்கு முன் அவற்றைத் துவைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப் போட்டாள். தொடை இரண்டும் புண்ணாகி எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நடப்பாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் ஒழுகுவதும் குறையும் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு, நாக்கு வறளக் கிடந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டேதான் போவாள். முனிரத்தினம் காற்று வரவில்லை என்று சொல்லி, பாயை வாசலுக்குக் கொண்டு போனான். மார்கழிப் பனியிலும் அவன் உள்ளே வரவில்லை.

இப்படியே நாலு வருஷம் போனது. மகள் பிரபா பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு அன்று செவ்வந்தி இரண்டு முறை குளித்து, புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். நாத்தனார் அம்முலு அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காத. சபையில வாட அடிக்குது. நீ சமையல்காரங்களப் பாத்துக்கோ. இங்க நான் பாத்துக்கறேன்."

முனிரத்தினம் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான். காதில் விழாதவன் போல செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். பெற்ற மகளுக்கு நலங்கு வைக்கும் சத்தத்தைச் செவ்வந்தி சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

அந்தச் சம்பா நடவில் அவள் நாற்றுமுடியோடு அப்படியே சேற்றில் சாய்ந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பல் கிட்டித்து நடுங்கியது. ஆம்புலன்ஸ் அவளை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது. அங்கிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. காய்ச்சல் தணிந்த பிறகு, சிறுநீரகப் பிரிவு டாக்டர் சுதா திரைக்குள் வைத்து அவளைச் சோதித்தார். குழாய் வழியாக நீல மருந்தை மூத்திரப்பைக்குள் விட்டார். கீழே வைத்திருந்த பஞ்சு நீலமாக நனைந்து வந்தது.

முனிரத்தினத்தையும் கூப்பிட்டு டாக்டர் விளக்கினார். "கர்ப்பப்பையை எடுக்கும்போது பக்கத்துல இருக்கற மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கு. அதுவும் பிறப்புறுப்பும் ஒண்ணா சேர்ந்துடுச்சு. அதான் நிக்காம வருது. இது உங்க குத்தம் இல்லம்மா. ஓட்டையைத் தைச்சு மூடிடலாம். சிலருக்கு முதல் தடவையில நிக்காது, ஆனா முக்கால்வாசிப் பேருக்கு நின்னுடும். இவ்வளவு நாள் ஏன் யாருக்கும் காட்டல?"

செவ்வந்தி வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம் முந்திக்கொண்டான். மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான்.

"பை எடுத்த ஆஸ்பத்திரியில அப்பவே செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போவச் சொன்னாங்க மேடம். நான்தான் இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செவ்வந்தியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தைத்த இடம் ஆறுகிற வரைக்கும் குழாயும் பையுமாகப் படுத்துக் கிடந்தாள். குழாயை எடுத்த அன்று மத்தியானம் அடிவயிற்றில் என்னவோ முட்டியது. என்ன அது என்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போய் உட்கார்ந்தாள். எழுந்து வந்து கட்டிலில் படுத்தாள். விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அவள் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

சாயந்திரம் முனிரத்தினம் இட்லிப் பொட்டலத்தோடு வந்தான்.

"அப்பவே சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"அத்த இப்ப இன்னாத்துக்குக் கெளப்பற? அதான் சரியாப் பூட்ச்சே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "செங்கல்பட்டுல டாக்டருக்குப் படிக்கற பசங்கல்லாம் சுத்தி நின்னுக்கினு பாப்பாங்களாம். பொண்டாட்டிய அப்டி எவன் காட்டுவான்? ஆம்பளைக்கு ரோசம் இருக்காதா?"

"ஒன் ரோசத்த நாந்தான்யா தெனம் தொவச்சிக் காயப் போட்டேன்."

அவன் பொட்டலத்தை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

ஊருக்குத் திரும்பினாள். முனிரத்தினம் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் தடுக்கவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு பிரபாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். சோறு வடிப்பாள், தட்டில் போடுவாள். ஏதாவது கேட்க வேண்டுமானால் மகளை விட்டுக் கேட்பாள். அவன் டீக்கடையில் நியாயம் கேட்டான்.

"மில்லுக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தேன். நல்லாயிட்டதும் அவளுக்குத் திமிரு ஏறிட்ச்சு."

ஊர் அவன் பக்கம்தான் நின்றது. வேறு ஒருத்தனாக இருந்தால் எப்போதோ இன்னொருத்தியைக் கட்டியிருப்பான் என்றார்கள். அம்முலு வீட்டுக்கே வந்து புத்தி சொன்னாள்.

"எங்கண்ணன் மாதிரி தங்கமான ஆளு எவளுக்குக் கெடைப்பான், சொல்லு? வாசல்ல படுத்துக்கினு, ஒரு வார்த்தை மொகம் சுளிக்காம இருந்தாரே!"

செவ்வந்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. முனிரத்தினம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றான். "அப்பாவ மில்லுக்குப் போவச் சொல்லு" என்று பிரபாவிடம் சொல்லிவிட்டு அவள் தனியாகப் பஸ் ஏறினாள். டாக்டர் சுதா சோதித்துப் பார்த்து, தையல் நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். மனதில் கிடந்த சந்தேகம் ஒன்றையும் விடாமல் செவ்வந்தி கேட்டாள். வெட்கப்படாமல் கேட்டாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எதையும் மறந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தான்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"எங்கிட்டதான் சொன்னாங்க" என்றாள், வீட்டுக்குள் போய்க்கொண்டே.