புகை விடாத வண்டி

1

இந்தக் கதை திருச்செந்தூர் பஸ்ஸில் இரவல் வாங்கியது. பக்கத்தில் இருந்தவர் முத்தையாபுரத்தில் இறங்கும்போது ஒரே ஒரு வரி சொன்னார்: "எழுபத்தேழுல எங்க கிட்டங்கிக்குக் கரண்டு வண்டி வாங்கச் சொன்னது நான்தான்." நான் பெயர்கூடக் கேட்கவில்லை. ஆகவே பெயர் முதல் மழை வரை எல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று ஈயத்தைப் போல—'

வேண்டாம். கடலுக்கு இதில் வேலையே இல்லை. கப்பலேறும் முன் சரக்கு கிடக்கிற கிட்டங்கிதான் களம்.

2

கிட்டங்கி சூப்பர்வைசர் செல்லப்பாண்டி. மருந்துக்காக வெளிநாடு போகும் நிலாவரை இலை அங்கே சிப்பம் சிப்பமாக அடுக்கியிருக்கும். தலைச்சுமை வேகம் கப்பலுக்குப் போதவில்லை என்று சுமையைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று வாங்க முடிவானது. டீசலா, பேட்டரியா? வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவன் சொல்லிவிட்டான்.

"டீசல்தான் மொதலாளி. மாடு மாதிரி இழுக்கும்."

[இந்த இடத்தில் அவனை முட்டாளாக்கி வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். வாசலில் செங்குத்தான சரிவு, அடிக்கடி மின்வெட்டு, இரண்டு ஷிப்ட். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னான். யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று.]

3

டீசல் வண்டி வெள்ளோட்டத்துக்கு வந்த அன்று ஐப்பசி மழை. சாரல் பட்டால் இலை கறுத்துவிடும் என்று கதவுகளைச் சாத்தினார்கள். உள்ளே இலை பொறுக்கும் பெண்கள் இருபது பேர். வண்டி சிப்பங்களை விறுவிறுவென்று அடுக்கியது. செல்லப்பாண்டி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான்.

ஒரு மணி நேரம் கழிந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி, சங்கரம்மாள், இலை புடைக்கும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்த இடத்திலேயே சரிந்தாள்.

[முதல் பிரதியில் அவள் செத்துப்போனாள். வாசகரை அழவைக்க அது மலிவான வழி. வண்டி வாங்குவதற்கு ஒரு உயிரைக் காவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.]

கதவைத் திறந்து வெளிக்காற்றில் கிடத்தினார்கள். கண் விழித்ததும் அவள் கேட்டாள்:

"அண்ணாச்சி, நாங்க புகையக் குடிச்சோம். எலையும் குடிச்சிருக்கும்லா?"

அவன் உள்ளே போய் ஒரு பிடி இலையை முகர்ந்தான். டீசல் நாறியது. ஆனால் அன்று சோறு இறங்காமல் செய்தது அந்த நாற்றமில்லை. அவள் விழுந்தது தன் வாய்ச்சொல்லால் என்ற நினைப்பு.

4

செல்லப்பாண்டி கேட்டுக்கொண்டபடி அடுத்த வாரம் பேட்டரி வண்டி வெள்ளோட்டத்துக்கு வந்தது. புகை இல்லை, சத்தமும் அவ்வளவாக இல்லை. ஆனால் முழுச் சுமையோடு சரிவில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது. முதலாளி வன்னியபெருமாள் சிரித்தார்.

"டீசல்னு சொன்னது நீருதானவே. இப்ப மாத்திப் பேசுதீரு. பவர் கட்டுல இது என்ன செய்யும்?"

"நான் சொன்னது தப்பு மொதலாளி. இன்னொரு பேட்டரி சேத்து வாங்குவோம். ஒண்ணு ஓடுதப்ப இன்னொண்ணு சார்ஜ்ல கெடக்கட்டும். சரிவ நீட்டிக் கட்டினா ஏறிரும்."

"ஏறலைன்னா?"

"நான் வேலைய விட்டுட்டுப் போயிருதேன்."

[கொஞ்சம் சினிமா வசனம்தான். இருந்தாலும் அடிக்கவில்லை. பணயம் வைக்க அவனிடம் வேறென்ன இருந்தது?]

சரிவு இரண்டு மடங்கு நீளமானது. தை மாதம் ஒன்றரை டன் சுமையோடு வண்டி நிற்காமல் ஏறியது. கதவுகளைச் சாத்தியும் ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒருவரும் இருமவில்லை.

5

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தந்த வரி இங்கே தீர்ந்தது. நானும் பேனாவை மூடியிருப்பேன். சங்கரம்மாள் விடவில்லை.

"வண்டிய ஓட்டப்போறது யாரு அண்ணாச்சி?"

"சொமக்குத ஆள்கள்ல ரெண்டு பேருக்குப் பழக்கப்போறோம்."

"அதுல ஒண்ணா என்னயச் சேருங்க."

"என்னளா சொல்லுத?"

"அம்பது கிலோ மூட்டைய எத்தனையோ நாள் தூக்கிவிட்டிருக்கேன். இது உக்காந்து பாக்குத வேலைதான?"

முடிவு ஒன்று: அவன் சிரித்துவிட்டுப் போகிறான். அந்தக் காலத்தில் அதுதான் நடந்திருக்கும். முடிவு இரண்டு: அவள் பெயரை எழுதிக்கொள்கிறான். எனக்குப் பிடித்தது இது. இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். ஒருமுறை கண்ணால் பார்க்காமலே சொன்னவன் இன்னொருமுறை அப்படிச் சொல்லமாட்டான்.

வண்டியைக் கைகாட்டி, "ஏறி உக்காரு, பாப்போம்" என்றான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மற்ற பத்தொன்பது பெண்களும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

"மொதல்ல எத அமுக்கணும்?" என்று கேட்கிறாள்.

எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது அவளுக்குச் சொல்லுங்கள்.