சந்திரிகாவின் ஜிலேபி ஆன்டெனா

"இந்தப் படத்துல நிக்கிறது நான்தான்கா!"

சந்திரிகா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"தெரியுது லா, உட்காரு," என்றார் புனிதவதி. கிள்ளானில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஏஜென்ட் அவர். கணினித் திரையில் ஜெராம் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று தெரிந்தது. மஞ்சள் பூட்ஸ் போட்ட சந்திரிகா, தான் செய்த ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வடிவம் ஏற்கெனவே வெளியானது, புதியதல்ல என்று அவள் மனுவைப் பார்த்த காப்புரிமை அலுவலகப் பரிசீலகர் ஆட்சேபித்திருந்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரமே அந்தப் படம்தான்.

"என் சாமானைக் காட்டியே என்கிட்ட புதுசு இல்லங்கிறாங்களா?"

"நீயே காட்டினாலும் காட்டினதுதான். ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டிருந்தா பரவாயில்ல. நீ தாமதமா வந்துட்ட."

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. ராவாங் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்த வேலையை விட்டுவிட்டு, கோலா சிலாங்கூரில் ஒரு கடை மாடியில் பட்டறை வைத்தவள் சந்திரிகா. தோட்டத்து வாய்க்கால்களில் தண்ணீர் ஏறினால் தகவல் அனுப்பும் கருவிகளைச் செய்தாள். சாதாரண ஆன்டெனா வைத்தால், செம்பனை மட்டைகள் சிக்னலை விழுங்கிவிடும். செம்புக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்து, கடைசியில் ஜிலேபி மாதிரி ஒரு வடிவத்தில் சிக்னல் தாண்டிப் போனது. ஷா ஆலமில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கிருந்த அதிகாரி அதை விரலில் மாட்டிச் சுழற்றினார். "கம்பிய வளைச்சா கண்டுபிடிப்பா? இதுக்கு எவன் காப்புரிமை கொடுப்பான்?" அவர் பேச்சை நம்பி வாயை மூடிக்கொண்டு வந்தாள். அதே கம்பெனி அதே வடிவத்தைத் தோட்டங்களில் விற்கப் பார்ப்பதாகக் காதில் விழுந்த பிறகுதான் புனிதவதியிடம் ஓடினாள்.

அன்று ஒண்ணுமில்லை என்றார்கள். இன்று எல்லாருக்கும் தெரிந்தது என்கிறார்கள். காடி ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் அவளுக்கு உடம்பு கொதித்தது.

பட்டறையில் தம்பி புவனேசன் இருந்தான். விற்பனையைப் பார்ப்பவன் அவன்தான்.

"ஃபேஸ்புக்ல படத்த யாருடா போட்டது?"

"நான்தான்கா. நாலு பேருக்குத் தெரியட்டும்னு போட்டேன். அழிச்சிடவா?"

"இப்ப அழிச்சி என்னடா பிரயோஜனம்!" அவன் கைப்பேசியைப் பிடுங்கி, திட்டுவதற்காகவே படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு இன்னும் பெரிதாக்கினாள்.

படத்திலிருந்த ஆன்டெனாவுக்குக் கீழ்வளையம் இல்லை.

அது பிற்பாடு சேர்த்தது. பருவமழையில் மட்டைகள் நனைந்து ஒட்டியதும் ஜிலேபி அலைவரிசை மாறி ஊமையானது. அப்போதுதான் அடியில் ஒரு வளையத்தைச் சாய்த்துப் பொருத்தினாள். மனுவில் அதைக் கடைசியில் ஒரு வரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

உடனே புனிதவதிக்குப் போன் அடித்து, படத்தில் அந்த வளையம் இல்லை, அதுவாவது புதுசுதானே என்று கேட்டாள்.

"ஒரு வளையம்தானே சந்திரிகா? எந்த இஞ்சினியருக்கும் தோணும்னு சொல்லுவாங்க."

"நீங்களுமாக்கா? தோணியிருந்தா ஏன் ஒருத்தரும் வைக்கல? அப்படிச் சாய்ச்சி வச்சா சிக்னல் குறையும்னுதான் எங்களுக்கு யுனிவர்சிட்டில சொல்லிக் கொடுத்தாங்க. படிச்சவன் எவனும் வைக்கவே மாட்டான்!"

புனிதவதி மனுவைத் தேடிப் பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது.

"இத ஏன் முதல்லயே என்கிட்ட சொல்லல? மழையில ரெண்டையும் அளந்து கொண்டு வா. மனுவ அந்த வளையத்துக்கு மட்டும் சுருக்கலாம்."

அடுத்த பெருமழைக்கு அக்காவும் தம்பியும் தோட்டத்தில் நனைந்தபடி நின்றார்கள். வளையம் இல்லாதது திணறிப் பேச்சை நிறுத்தியது. வளையம் வைத்தது விடாமல் பேசியது. புவனேசன் மழையிலேயே கத்திக் குதித்தான். சந்திரிகா சிரிக்கவில்லை, அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பல மாதங்கள் கழித்துக் காப்புரிமை கிடைத்தது, வளையத்துக்கும் அது சாயும் விதத்துக்கும் மட்டும். ஜிலேபியை இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டார் புனிதவதி.

"பாதிக்குச் சந்தோஷம்கா. மீதிப் பாதிய அந்தக் கம்பெனி ஆளு விரல்ல மாட்டிச் சுழற்றினான் பாருங்க, அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. நானும் அன்னிக்குத் தலையாட்டிட்டு வந்தேன் பாருங்க, அதுதான் ஆறவே மாட்டேங்குது."

புனிதவதி தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினார்.