எட்டு லொறி ஸ்பிரிங்குகள்

ஹியூபேட்டுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் றேமண்டின் கராஜில் பதினொரு வருடம் எண்ணெயிலே கிடந்தவன். தேய்ந்த கேம்ஷாப்ற் ஒன்றின், அதாவது எஞ்சின் வால்வுகளைத் தூக்குகிற கேம் தண்டின், மேடுகளில் வெல்டிங் பிடித்து, அரத்தால் இராவி இராவி, வால்வுகளை இன்னும் உயரத் தூக்கும்படி செய்தவன் அவன்தான். அதைப் போட்ட கார் ரேஸில் வென்றதும் றேமண்ட் என்ன செய்தார்? ‘என்ர கைவேலை’ என்று செய்தி எழுத வந்த பேப்பர்க்காரனிடம் சொன்னார். மறுவாரமே, ஸ்பார்க் பிளக் திருடினான் என்று இவனை வெளியே தள்ளினார். பிறகு ஒரு கராஜும் இவனைச் சேர்க்கவில்லை. கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில்கூடக் கள்ளன் என்றுதான் பார்த்தார்கள்.

இப்போது பழைய கார் ஒன்றைத் தேற்றி, அதே மாதிரி இரண்டாவது கேமை இராவிப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை இரத்மலானையில் ரேஸ். வென்றால் போன மானம் திரும்பும். தூக்கிய வால்வைத் திரும்ப மூடுகிற ஸ்பிரிங்குகள் மட்டும்தான் பாக்கி.

கிராண்ட்பாஸில் ஸஹாப்தீனின் பழைய இரும்புக் கடை. ஹியூபேட் தராசுத் தட்டில் ஒவ்வொரு ஸ்பிரிங்காக நிறுத்தி, வால்வு தூக்கும் அளவுக்கு அமுக்கி, மறு தட்டில் படிக்கல் வைத்துப் பார்த்தான். புதிது வாங்க வக்கில்லாதவனுக்கு வேறு வழி ஏது? ஒரு கூடையைக் கிளறி, ஒரே பலமுள்ள எட்டு மெல்லிய ஸ்பிரிங்குகளைப் பொறுக்கினான். அவற்றுக்குள்ளே நுழைகிற எட்டுக் குட்டி ஸ்பிரிங்குகளும் அகப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் எந்த வேகத்திலும் வால்வு நேரத்துக்கு மூடும், கேமுக்கும் நோகாது. கையிலிருந்த சல்லி இந்தப் பதினாறுக்கு மட்டும்தான் போதும்.

“றேமண்ட்ட ஆளொண்டு காலைல வந்த,” என்றார் ஸஹாப்தீன். “நீ என்ன ஸ்பிரிங் எடுக்கிறண்டு கேட்ட. அதையே அவருக்கும் எடுத்து வைக்கட்டாம்.”

ஹியூபேட்டின் கை நின்றது. றேமண்டின் காரில் இன்னும் ஓடுவது இவன் செய்த அந்தக் கேம்தான்; வெல்டிங் பிடித்த அதன் மேடு மெத்தென்ற இரும்பு. லொறி எஞ்சினின் கடும் ஸ்பிரிங் போட்டால் அரைமணியில் அதைத் தின்று தீர்த்துவிடும். அது செய்தவனுக்கு மட்டுமே தெரியும்.

“லொறி ஸ்பிரிங் எடுத்தவன் எண்டு சொல்லுங்கோ, நானா.”

“எடுக்காததை எடுத்தண்டு சொல்ல எனக்கு ஏலா.”

நல்ல மனுசன், நேரம் பார்த்துத்தான் நல்லவனாகிறார்! குட்டிகளை விட்டால் வேகம் ஏறும்போது வால்வு பிந்தும், ரேஸ் கைவிட்டுப் போகும். போய்த் தொலையட்டும். ஹியூபேட் பல்லைக் கடித்துக்கொண்டு குட்டிகளைக் கூடையில் திரும்பப் போட்டான்.

“லொறி ஸ்பிரிங் எட்டுத் தாங்கோ,” என்றான். “இனி அது பொய்யில்லைதானே?”

ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது சுற்றில், முன்னால் போன றேமண்டின் கார் தடதடத்து, பலம் செத்து, ஓரத்தில் நின்றது. ஹியூபேட் நாலாவதாக வந்தான். மெல்லிய ஸ்பிரிங்குகளை மட்டும் போட்டிருந்ததால், வேகம் ஏற ஏற அவனுடைய எஞ்சின் தும்மியது. அதற்காக அவன் கவலைப்படவில்லை. இறங்கி நேரே றேமண்டின் காரடிக்குப் போனான்.

சுற்றிவரக் கூட்டம். அதே பேப்பர்க்காரனும் நின்றான். றேமண்ட் எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடமும் எஞ்சின் முரண்டு பிடித்தால் அவர் கூப்பிட்டது ஒரே ஆளைத்தான். பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது.

“ஹியூபேட், இங்க வா. இந்தக் கேமுக்கு என்ன வந்தது எண்டு பார்.”

ஹியூபேட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எனக்கென்ன தெரியும், சேர்? நீங்க செய்த கேம்தானே. எங்க வெல்டிங் பிடிச்சனீங்கள் எண்டு இந்த ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

“வெல்டிங்கா?” என்றார் றேமண்ட்.

பேப்பர்க்காரன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஹியூபேட்டின் பக்கம் திரும்பினான்.

“உங்கட முழுப் பேர் என்ன?” என்று கேட்டான்.