எர்த் கம்பி

உப்புக் கம்பெனியின் பரிசோதனை அறையில் வீரபாகு தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். அளத்திலிருந்து வரும் உப்பைச் சூடாக்கிக் காயவைத்து, அதில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் அறை அது. மேசைமேல் மின்சாரச் சூட்டுப்பெட்டி இருந்தது. உப்புக்காற்றில் அதன் தகரம் முழுக்கத் துரு.

முன்பு அந்தத் தகரத்திலிருந்து ஒரு செம்புக் கம்பி சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. கசியும் மின்சாரத்தை மண் வாங்கிக்கொள்ளும். யுத்தத்தில் செம்பு கிடைக்காமல் போனதும் மானேஜர் சங்கரபாண்டியன் அதைக் கழற்றித் தன் பங்களா ரேடியோவுக்குப் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் வீரபாகுவுக்கு முழங்கை வரை கரண்டு அடித்தது. அவன் உடைந்த தோணியின் பலகை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து பெட்டிக்கு முன்னால் போட்டான். டயர்ச் செருப்போடு அதன்மேல் நின்றுதான் பெட்டியைத் திறப்பான்.

கெமிஸ்ட் செல்வதுரை, நாசரேத்துக்காரர், கம்பி கேட்டு மானேஜருக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதம் எழுதவில்லை.

அன்று மதராஸிலிருந்து மின்சார இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. சங்கரபாண்டியன் உள்ளே வந்தார்.

"ஏலே, இது என்ன பலகை? தொர வார எடம் தோணித்துறை மாதிரி கெடக்கு. தூக்கி வெளியே எறி."

"ஐயா, அது இல்லாட்டா கரண்டு அடிக்கும்."

"அதான் கம்பி போட்டாச்சுல்லா!"

முந்தின நாள் புது இரும்புக் கம்பி ஒன்றைப் பெட்டியில் கட்டியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. அதன் மறுமுனை மண்ணைத் தொடவில்லை. செங்கல் இடுக்கில் சொருகியதோடு சரி. சொருகியவன் வீரபாகுதான்.

"செருப்பையும் கழத்துலே. வாசல்ல போர்டு தொங்குதது கண்ணு தெரியல?"

'மிதியடிகளை வெளியே விடவும்.' வீரபாகுவுக்கு எழுத்து தெரியாது. பலகையை வெளியே போட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான்.

"தொர பாக்கும்போது பெட்டி சூடா இருக்கணும். உப்ப உள்ள வை."

வீரபாகு செல்வதுரையைப் பார்த்தான். "சார்?"

செல்வதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். "பாத்துத் தொறப்பா" என்றார்.

ஈரத் தரையில் நின்று வீரபாகு பெட்டியின் பிடியைப் பிடித்தான். கை மூடிக்கொண்டது, திறக்கவில்லை. செல்வதுரை ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

பதினொரு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் கம்பியைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், இளநீர் குடித்தார்.

நாற்பது நாள் கழித்து வீரபாகு வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. செல்வதுரை ஒரு காகிதத்தை வாசித்தார்.

"காலில் செருப்பின்றி ஈரத் தரையில் நின்றது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு. கம்பெனி பொறுப்பல்ல."

"செருப்புன்னா சார் எழுதியிருக்கு?"

"ஆமா."



"சாட்சி யாரு சார்?"

"நாந்தான்." செல்வதுரை மைப்பெட்டியைத் திறந்தார். "இதுல ரேகை வச்சா வாசல் காவலுக்கு வச்சுக்கிடுதேன்னு மானேஜர் சொல்லுதாரு. எனக்கும் நாலு பிள்ளைக, வீரபாகு."

"வீட்டுல அவ கேப்பா" என்றான் வீரபாகு. எதைக் கேட்பாள் என்று சொல்லவில்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினான்.

மறுநாள் காலை போர்டின் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தருவைகுளத்திலிருந்து மரியான் என்ற புது ஆள் சூட்டுப்பெட்டி வேலைக்கு வந்தான். உள்ளே தரை கழுவி முடித்திருந்தார்கள். இரும்புக் கம்பி அதே செங்கல் இடுக்கில் இருந்தது.

"அண்ணாச்சி, செருப்ப இங்கனயா போடணும்?"

வீரபாகு மடங்கிய விரல்களை மடிக்குள் இழுத்துக்கொண்டான். உள்ளே சங்கரபாண்டியனின் குரல் கேட்டது.

"இங்கனதான்" என்றான்.

மரியான் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான். ஈரத் தரையில் அவன் வெறுங்கால் பட்டுப் பட்டு எழும் சத்தம் பெட்டி வரைக்கும் போயிற்று.